குளிர்கடலில் தைத்த சட்டை

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். ஊரின் பெயரை 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். தூரம் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் கால் ஊன்ற ஒரு திட்டு கிடையாது. தீவுக்குப் போய்ச் சேர்ந்தபின்னும் கடல் விடுவதில்லை. அங்கிருந்து கார் நிக்கோபார் தெற்கே 270 கி.மீ.; கேம்பல் பே அதற்கும் அப்பால். அந்தமானில் பறக்கும் விமானிக்கு எஞ்சின் நின்றால் இறங்குமிடம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

அதனால்தான் கடல்மேல் பறக்கிறவரின் உடுப்பு நிலத்தின்மேல் பறக்கிறவரின் உடுப்பு மாதிரி இருப்பதில்லை. ஓவராலுக்கு மேலே காற்றடைக்கும் மிதவைச் சட்டை, அதன் பைகளில் விசில், சிறு விளக்கு, வெயிலைத் திருப்பிக் காட்டும் கண்ணாடி, தண்ணீரில் கரையும் சாயப் பொட்டலம், புகைக்குழல், செயற்கைக்கோளுக்குச் சேதி சொல்லும் சின்ன ரேடியோ என்று ஒரு சில்லறைக் கடையே இருக்கும். இவற்றில் பாதிக்கு மேல் நம் கடலைக் கண்ணால் பார்த்திராதவர்கள், பல் கிட்டும் குளிர்கடல்களில் விழுந்து செத்தும் பிழைத்தும் கண்டுபிடித்தவை. நம் வெந்நீர்க் கடலுக்கு வந்தபோது அவற்றில் சில ஒத்துவந்தன. சிலவற்றைப் பிரித்துத் திரும்பத் தைக்கவேண்டி வந்தது. அந்தக் கதையில் தொழில்முறைப் படைவீரர்களைவிட, தாமாக முன்வந்து பறந்தவர்கள்தான் அதிகம் தட்டுப்படுகிறார்கள்.

முதல் ஆள் சிட்னி காட்டன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர். முதல் உலகப்போரில் தானாகக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், 1915-ல் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பிரிவில் சேர்ந்தார். 1916-17 குளிர்காலத்தில் ஒருநாள் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை அவசரமாகப் பறக்கச் சொன்னார்கள். உடை மாற்ற நேரமில்லை. எண்ணெயும் கிரீஸும் ஊறிய அழுக்கு ஓவராலோடு ஏறிவிட்டார். இறங்கியபோது, தோலும் கம்பளியுமாகப் போர்த்திப் போன மற்றவர்கள் விறைத்துக் கிடந்தார்கள்; இவருக்குக் குளிரவே இல்லை. எண்ணெய் துணியின் கண்களை அடைத்துக் காற்றை உள்ளே விடாமல், உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்திருந்தது. லண்டனில் ராபின்சன் அண்ட் கிளீவர் கடைக்குப் போய் அதே தத்துவத்தில் ஓர் உடுப்பு தைக்கச் சொன்னார்: வெளியே பர்பெரி துணி, நடுவே காற்றுப் புகாத பட்டு, உள்ளே மென்மயிர். தன் பெயரின் இரண்டு பாதியையும் சேர்த்து ‘சிட்காட்’ என்று பெயர் வைத்தார். 1917-க்குள் படை முழுதும் அதைக் கேட்க ஆரம்பித்தது. அடுத்த முப்பது வருஷத்துக்கு மேல், சிற்சில மாற்றங்களோடு, பிரிட்டிஷ் விமானிகளின் உடுப்பு அதுதான்.

அந்த உடுப்பு நம்மூருக்கு எதற்கு? கராச்சியிலும் சென்னையிலும் சித்திரை வெயிலில் நின்ற விமானத்தின் இருக்கையில் உட்கார்ந்தாலே தொடை வேகும். ஆகவே இந்தியாவில் பறந்தவர்களுக்கு நேரெதிரான தேவை வந்தது. தக்கையில் செய்து காக்கித் துணி போர்த்திய வெயில் தொப்பியையே பறப்பதற்கும் பயன்படும்படி மாற்றிக் கொடுத்தார்கள். பின்னால் 1940-களில் தோல் தொப்பிக்குப் பதிலாகக் காக்கிப் பருத்தியில், பின்கழுத்தை மூடும் மடிப்போடு ஒரு தொப்பி வந்தது. அதற்கடுத்ததோ ஓட்டை ஓட்டையாக நெய்த துணியில். குளிர்நாட்டான் காற்றை அடைத்த இடத்தில் வெயில்நாட்டான் காற்றுக்கு வழிவிட்டான். கடல் உடுப்பின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது.

நம் பக்கத்துத் தன்னார்வ விமானிகளுக்கு வருவோம். இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ல் பிறந்தது. 1939-ல் போர் மூண்டபோது அதனிடம் இருந்தது ஒரே ஒரு ஸ்குவாட்ரன். ஏழாயிரம் கிலோமீட்டர் கடற்கரையை அதை வைத்துக்கொண்டு காக்க முடியாது. ஆனால் நாட்டில் வேறு விமானிகள் இருந்தார்கள். பம்பாய், டெல்லி, கராச்சி, கல்கத்தா, சென்னை என்று பெரிய ஊர்களில் பறக்கும் கிளப்புகள் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது, ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரியில் முதல் லைசென்ஸ் வாங்கியது அப்படியொரு கிளப்பில்தான். வணிகக் கம்பெனி அதிகாரிகள், வசதியான வீட்டுப் பிள்ளைகள் எனப் பொழுதுபோக்காகப் பறந்தவர்கள் அவற்றில் இருந்தார்கள். இப்படிப்பட்டவர்களை வைத்து இந்திய விமானப்படைத் தன்னார்வ ரிசர்வ் என்று ஒன்றைத் தொடங்கி, அதிலிருந்து கடற்கரைக் காவல் பிரிவுகளை அமைத்தார்கள். முதலாவது பிரிவு சென்னையில், பிறகு பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, ஆறாவதாக விசாகப்பட்டினம். வேலை, துறைமுகத்தை நெருங்கும் கப்பல்களைப் பார்ப்பது, சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குத் துணை போவது, நீர்மூழ்கி தலைகாட்டுகிறதா என்று அலையை அலசுவது. கடற்படைக்குக் கண்ணாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

கொடுத்த விமானத்தைத்தான் பார்க்கவேண்டும். வாபிட்டி! 1927-ல் முதலில் பறந்த இரட்டைச் சிறகு விமானம்; ஒற்றை எஞ்சின்; விமானிக்கும் பின்னால் உட்காரும் துப்பாக்கிக்காரருக்கும் தலைக்கு மேல் கூரை கிடையாது. வேகம் மணிக்கு 200 கி.மீ.யைச் சற்றே தாண்டும். வடமேற்கு எல்லையில் மலைவாசிகள்மேல் குண்டுபோட வாங்கி, ஓய்ந்துபோய் நின்றவற்றைத் தூசிதட்டிக் கடலுக்கு அனுப்பினார்கள். போதாததற்கு, பயணிகளை ஏற்றிக்கொண்டு கல்கத்தா, ரங்கூன் வழியே சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த நாலு எஞ்சின் அட்டலாண்டா விமானங்களையும் அரசு எடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் துப்பாக்கி கட்டி, சுந்தரவனத்துக் கடலைக் காவல் காக்க விட்டது. மெத்தை வைத்த இருக்கையில் கனவான்கள் சாய்ந்து வந்த விமானத்தில் குண்டு தூக்கிப் போனது ஒரு வேடிக்கை என்றால், அது வாபிட்டியைவிடப் பத்திரமாக இருந்தது இன்னொரு வேடிக்கை. நாலு எஞ்சினில் ஒன்று நின்றாலும் வீடு வந்து சேரலாம். வாபிட்டியில் ஒன்று நின்றால் எல்லாம் நின்றது.

அந்தமான் இந்தக் கண்ணுக்கு எட்டாமலே போயிற்று. வாபிட்டியின் மொத்த ஓட்டமே 600 கி.மீ.க்குள். சென்னையிலிருந்து போகவும் முடியாது, போனால் வரவும் முடியாது. 1942 மார்ச் 8, 9-ல் ஜாவா விழுந்தது. போர்ட் பிளேரில் இருந்த கூர்க்காப் படையைப் பிரிட்டிஷார் கப்பலேற்றிவிட்டார்கள். மார்ச் 23-ல் ஜப்பானியர் வந்து இறங்கினார்கள், எதிர்ப்பே இல்லை. கொஞ்ச நாளில் போர்ட் பிளேர் விரிகுடாவில் ஜப்பானின் பெரிய நாலு எஞ்சின் கடல்விமானங்கள் வந்து மிதந்தன. வங்கக் கடலைக் கண்காணிக்க நாம் ஓட்டை விமானத்தோடு திணறிக்கொண்டிருந்தபோது, அதே கடலை நம் தீவிலிருந்தே அவர்கள் கண்காணித்தார்கள்.

ஜாவா விழுந்ததற்கும் மிதவைச் சட்டைக்கும் நேரான தொடர்பு உண்டு. அதைச் சொல்ல அந்தச் சட்டையின் பிறப்பை முதலில் சொல்லவேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டாக்காரரான பீட்டர் மார்க்கஸ் 1928-ல் காற்றடைக்கும் மிதவைச் சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு மிதவைச் சட்டை என்றால் தக்கைக் கட்டைகளையோ பஞ்சையோ அடைத்த முரட்டு மூட்டை. அதை மாட்டிக்கொண்டு விமானியின் குறுகிய இருக்கைக்குள் நுழைய முடியாது. மார்க்கஸின் சட்டை சப்பையாகக் கிடக்கும், வேண்டும்போது உப்பும். பிரிட்டிஷ் விமானப்படை 1932-ல் தன் சொந்த மாதிரியைக் கொண்டுவந்தது. உப்பினால் நெஞ்சு எடுப்பாகத் தெரிந்ததால், அந்நாளைய ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். விமானிகளின் குசும்பு அகராதியிலும் ஏறி நிலைத்துவிட்டது. ஆனால் நெஞ்சில் காற்றை வைத்தது வேடிக்கைக்காக அல்ல. மயங்கி விழுந்தவன் தண்ணீரில் குப்புறக் கிடந்தால் செத்தான். நெஞ்சிலும் பிடரியிலும் மிதவை இருந்தால் உடல் தானாக மல்லாந்து, மூக்கு மேலே வரும்.

1932 மாதிரிக்கு இரண்டு குறை. நிறம் மங்கிய பச்சை. கடலின் நிறத்தோடு கலந்துவிடும். விமானிகளே வாளியும் தூரிகையுமாக உட்கார்ந்து மஞ்சள் பூசிக்கொண்டார்கள். இரண்டாவது, வாயால் ஊத வேண்டும். கை உடைந்து, உப்புத்தண்ணீர் குடித்து, குளிரில் தாடை நடுங்குகிறவன் எங்கே ஊதுவது? 1941-ல் வந்த புதிய மாதிரி முதலிலிருந்தே மஞ்சள்; ஒரு நெம்பை இழுத்தால் சின்ன உருளையிலிருந்து கரியமில வாயு, கோலி சோடாவில் இருக்கிற அதே வாயு, ஒரு நொடியில் சட்டையை நிரப்பிவிடும். வாய்க்குழாயையும் விட்டுவைத்தார்கள். இன்றைக்கும் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். உருளை ஏமாற்றினால் மூச்சுதான் துணை.

காற்றுச் சட்டைக்குப் பயம் ஒன்றே ஒன்று: ஓட்டை. குண்டுச் சிதறல் பட்டால் தீர்ந்தது. அதனால் கப்பல்காரர்கள் இலவம்பஞ்சை விடவே இல்லை. விமானிகளின் சட்டைகளிலும் சிலவற்றில் துணைக்கு இலவம்பஞ்சுத் திண்டு வைத்தார்கள். போடிநாயக்கனூர்ப் பக்கம் காய் உடைத்து மெத்தைக்கு அனுப்புகிறார்களே, அதே பஞ்சு. இழை உள்ளே குழலாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு இருக்கும், தண்ணீர் ஏறாது. தன் எடையைப்போல் முப்பது மடங்கு வரை தாங்கும் என்பது கணக்கு. இலவு காத்த கிளி ஏமாந்தது உண்மைதான். இலவு காத்த மாலுமிகள் ஏமாறவில்லை. உலகச் சந்தைக்கு இந்தப் பஞ்சு பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போனது. 1942 மார்ச்சில் ஜாவா போனதும் பஞ்சும் போயிற்று. அமெரிக்காவில் என்ன செய்தார்கள் தெரியுமா? எருக்கின் உறவுச் செடி ஒன்று அங்கே வயலோரம் களையாக முளைக்கும். அதன் காயை உடைத்தால் எருக்கம்பஞ்சு போலவே பளபளக்கும் பஞ்சு. பள்ளிப் பிள்ளைகளைச் சாக்குப்பையோடு வயலுக்கு அனுப்பினார்கள். இரண்டு மூட்டைக் காய்க்கு ஒரு மிதவைச் சட்டை என்று கணக்குச் சொல்லிப் பறிக்கவைத்தார்கள். மிச்சிகனில் அதற்கென்றே ஓர் ஆலை ஓடியது. தெருவோரம் கேட்பாரற்று நிற்கும் எருக்கைப் பார்க்கும்போது எனக்கு இது நினைவுக்கு வரும்.

அதே 1942-ல் அந்த நாட்டிலும் தன்னார்வ விமானிகள் கடலுக்குப் போனார்கள். முந்தைய டிசம்பரில் தொடங்கிய சிவில் ஏர் பேட்ரோல் என்ற அமைப்பினர், சொந்த விமானத்தில், ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அட்லாண்டிக் கரையோரம் பறந்தார்கள். 1942 மார்ச் முதல் 1943 ஆகஸ்ட் வரை, 21 தளங்களிலிருந்து. அவர்களுடையவையும் ஒற்றை எஞ்சின் சிறு விமானங்கள்தான். 90 விமானங்கள் போயின. 26 பேர் இறந்தார்கள். கடலில் விழுந்து பிழைத்தவர்கள் தங்களை வாத்துச் சங்கம் என்று அழைத்துக்கொண்டு, சட்டையில் வாத்துச் சின்னம் தைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் இதற்கு இணை தங்கமீன் சங்கம். மிதவைச் சட்டையும் ரப்பர்ப் படகும் செய்த பி.பி.கவ் கம்பெனியின் தலைமை வரைவாளர் ராபர்ட்சன், தங்கள் சரக்கால் பிழைத்தவர்கள் வந்து சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு 1942 நவம்பரில் அதைத் தொடங்கினார். போர்க்காலத் தட்டுப்பாட்டில் துணி கிடைக்காமல், பழைய விருந்து உடுப்புகளை வெட்டி, அந்தக் கறுப்புத் துணியில் சிறகு முளைத்த மீனைப் பூவேலை செய்து கொடுத்தார்கள். போர் முடியும்போது சுமார் 9,000 உறுப்பினர்கள். செத்தவர்களுக்குச் சங்கம் கிடையாது என்பதால் முழுக் கணக்கு அதில் தெரியாது.

மஞ்சள் சட்டை மிதக்கவைத்தது. ஆனால் குளிரிலிருந்து காக்கவில்லை. வட அட்லாண்டிக்கில் மிதந்துகொண்டே விறைத்துச் செத்தார்கள். இந்தப் பிரச்சினையை முற்றவைத்தவர்களும் தாமாக முன்வந்தவர்களே. 1941-ல் சரக்குக் கப்பலின் மூக்கில் ராக்கெட் வைத்து ஒரு ஹரிக்கேன் போர்விமானத்தை எறியும் ஏற்பாடு வந்தது. பறந்து போய் எதிரியைத் துரத்தலாம். திரும்பி இறங்கக் கப்பலில் இடமில்லை. கரை பக்கத்தில் இல்லையென்றால் கப்பலுக்கருகே குதிக்க வேண்டியதுதான். ஆர்க்டிக் கடலில் குதித்தால் சில நிமிஷம். இதற்குத் தாமாகப் பெயர் கொடுத்தவர்களைத்தான் சேர்த்தார்கள். மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையத்துக்காரர்கள், தீயணைப்புக் குழாய்க்கு நார் கிடைக்காமல் பருத்தியில் நெய்து பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ட சங்கதி இங்கே உதவியது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தால், உலர்ந்திருக்கும்போது காற்று போய் வரும். நனைந்ததும் இழை ஊதி, கண்கள் மூடிக்கொள்ளும். ரப்பரும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். வென்டைல் என்று பெயரிட்டு 1943-ல் உடுப்பாக்கினார்கள். சில நிமிஷம் என்பது இருபது நிமிஷமாயிற்று. மீட்புப் படகு வந்து சேர அது போதும்.

இதே காலத்தில் இந்தியத் தன்னார்வலர்களின் நிலைமை வேறு. 1940-ல் பறக்கும் லைசென்ஸ் இருந்த 24 இந்தியர்கள் பெயர் கொடுத்து இங்கிலாந்துக்கே போனார்கள். அவர்களில் மகிந்தர் சிங் புஜ்ஜி தலைப்பாகையைக் கழற்ற மறுத்து, அதன்மேலேயே காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பறந்தவர். ஆங்கிலக் கால்வாய்மேல் அவர் விமானம் அடிபட்டது. நீச்சல் தெரியாது, அதனால் கடலில் குதிக்காமல், எரிகிற விமானத்தை டோவர் பாறைக்கரை வரை இழுத்துக்கொண்டு வந்து மோதினார். தலைப்பாகையின் மடிப்புகள் தலையைக் காத்தன. சீருடை விதியில் இடமில்லாத ஒரு துணி, விதிப்படி கொடுத்த தோல் தொப்பி செய்திருக்கக்கூடியதைவிட நன்றாகவே வேலை செய்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த உடுப்பு அதுதான்.

கடற்கரைக் காவல் பிரிவுகள் நீண்டநாள் இருக்கவில்லை. நாலாவது பிரிவு பர்மாவின் மௌல்மேனுக்குப் போய் ஜப்பானியத் தாக்குதலில் விமானங்களைப் பறிகொடுத்தது. 1942 கடைசியில் பிரிவுகளைக் கலைத்தார்கள். அவற்றின் ஆட்களைக் கொண்டு 1942 டிசம்பர் 1-ல் திருச்சியில் 6, 8 ஸ்குவாட்ரன்களைத் தொடங்கினார்கள். கடற்காவல், பெரிய விமானங்களின் கைக்குப் போயிற்று. சென்னைக்குப் பக்கத்தில் ரெட்ஹில்ஸ் என்கிற புழல் ஏரியே கடல்விமான நிலையமானது. 1942 ஜூலை முதல் 240-வது ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் அந்த நல்ல தண்ணீரிலிருந்து எழும்பி வங்கக் கடலைச் சுற்றின. ஒரு தடவை ஏறினால் பதினைந்து, பதினெட்டு மணிநேரம். ரெட்ஹில்ஸ் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்தக் கடலில்தான் குளிர்நாட்டு உடுப்பின் தத்துவம் தலைகீழானது. அந்தமான் கடல்நீர் வருஷம் முழுக்க 27 முதல் 30 டிகிரி. விழுந்தவன் அரைமணியில் விறைக்கமாட்டான், நாள்கணக்கில் மிதப்பான். அவனைக் கொல்வது தாகம், வெயில், கடைசியாக யார் கண்ணிலும் படாமல் போவது. ஆகவே பைகளில் இருந்தவை மாறின. குடிநீர் முதல் கவலை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி, ஊதி மிதக்கவிடும் ஒரு பந்தை வடிவமைத்தார். வெயில் பட்டால் உள்ளேயிருக்கும் உப்புநீர் ஆவியாகி, நல்ல தண்ணீராகச் சொட்டும். கொல்லும் வெயிலையே தண்ணீர் கொடுக்கவைத்தது அது. பர்மா முனைக்கு, பீடன் என்ற அதிகாரியின் பெயரால் ஒரு மெல்லிய பருத்தி உடுப்பு வந்தது: உடம்பு முழுக்கப் பைகள், அவற்றில் தண்ணீர், கத்தி, திசைகாட்டி, பட்டில் அச்சிட்ட வரைபடம். சுறாவை விரட்ட அமெரிக்கர்கள் தாமிர அசிட்டேட்டும் கறுஞ்சாயமும் கலந்து ஒரு வில்லை செய்தார்கள். பின்னாளில் சமையல் நிபுணராகப் புகழ்பெற்ற ஜூலியா சைல்டும் அந்த வேலையில் இருந்தார். சுறாக்கள் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. விழுந்தவனுக்குத் தைரியம் வந்தது; அதற்காகவே பல வருஷம் பையில் வைத்திருந்தார்கள்.

மீட்க வந்தவர்களின் விமானத்துக்கும் நம் பருவநிலை ஒத்துக்கொள்ளவில்லை. 1944 பிப்ரவரியில் ஜெஸ்ஸூரில் தொடங்கிய 292-வது ஸ்குவாட்ரன், கடலில் விழுந்த விமானிகளைத் தேடி எடுப்பதற்கென்றே ஏற்பட்டது. அதற்குக் கொடுத்த வார்விக் விமானத்தின் துணிப்போர்வை ஈரத்திலும் வெக்கையிலும் கெட்டுப்போயிற்று. வேறு விமானங்களைத் தேட வேண்டியதாயிற்று. விமானமே தாங்காத வெக்கையில் ரப்பர் உடுப்புப் போட்ட மனிதன் என்ன ஆவான் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது. கடல்நீர் ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் நீர்புகா உடுப்புக் கட்டாயம் என்பது பல நாட்டுப் படைகளின் வழக்கம். அதை அந்தமானில் போட்டுக்கொண்டு ஹெலிகாப்டரில் உட்கார்ந்தால், கடலில் விழுவதற்கு முன்பே விமானி வெப்பத்தில் மயங்கிவிடுவார். ஆகவே இங்கே மெல்லிய ஓவரால், அதன்மேல் மிதவைச் சட்டை என்றே பறக்கவேண்டியிருக்கிறது. ஓவராலின் துணியையும் முடிவு செய்தது கடல் அல்ல, நெருப்பு. நைலான் எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 1960-களில் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த நோமெக்ஸ் உருகாது, கருகும். தண்ணீருக்குத் தப்ப ஒரு சட்டை, தீக்குத் தப்ப ஒரு சட்டை, இரண்டையும் வெக்கையில் சுமக்க ஓர் உடம்பு.

ஹெலிகாப்டர் வந்தபிறகு இன்னொரு பொருள் சேர்ந்தது. எஞ்சினும் விசிறியும் மேலே இருப்பதால் தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டர் தலைகீழாகப் புரளும். இருட்டில், தலை கீழே கால் மேலே, பெல்ட்டோடு தொங்கிக்கொண்டு மூச்சை அடக்க எத்தனை பேரால் முடியும்? சட்டையில் இரண்டு மூன்று நிமிஷத்துக்கான சின்னக் காற்றுப்புட்டி செருகியது அதற்காக. புட்டி மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும். கொச்சியில் கடற்படையின் பயிற்சி நிலையத்தில் ஹெலிகாப்டர் போன்ற ஒரு கூண்டில் உட்காரவைத்து, குளத்தில் இறக்கிப் புரட்டி, வெளியே வரப் பழக்குகிறார்கள்.

திருச்சியில் பிறந்த 6-வது ஸ்குவாட்ரன் 1951 முதல் லிபரேட்டர் விமானங்களில் கடல்மேல் கண்காணிப்புக்குப் போனது. ஆக, தன்னார்வலர்களின் வேலை சுற்றிச் சுற்றி அவர்களுடைய வாரிசுகளிடமே வந்தது. கடலோரக் காவல்படை 1978 சட்டத்தால் நிலைபெற்றது. இன்று அதன் டோர்னியர் விமானங்களும் ஹெலிகாப்டர்களும் போர்ட் பிளேரிலிருந்து பறக்கின்றன: கடல் அட்டை திருட வரும் படகுகளைப் பிடிக்க, புயலுக்கு முன் மீனவரை எச்சரிக்க, தூரத் தீவிலிருந்து பிரசவ வேதனையில் இருப்பவரைக் கொண்டுவர. 2004 டிசம்பர் 26-ல் கார் நிக்கோபார் விமானத்தளத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனபோது, நூற்றுக்கு மேற்பட்ட விமானப்படையினரும் குடும்பத்தினரும் இறந்தார்கள். தப்பிய ஹெலிகாப்டர்காரர்கள் அன்றே எழும்பி மற்றவர்களைத் தூக்கினார்கள். அன்றைக்கு யாரும் சட்டைப் பையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றிருக்கமாட்டார்கள்.

ஆனால் எந்தச் சட்டையும் எல்லாவற்றையும் காப்பதில்லை. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போயிற்று. வாரக்கணக்கில் கப்பலும் விமானமும் தேடின. 2024 ஜனவரியில்தான், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறல்கள் தெரிந்தன. இப்போதைய கடல் உடுப்பில் மிக முக்கியமான பொருள் பஞ்சோ துணியோ அல்ல, 406 மெகாஹெர்ட்ஸில் கூவும் கைக்கடக்கமான பீக்கன் என்று விமானிகள் நினைப்பதில் வியப்பில்லை. அது கூவினால் செயற்கைக்கோள் வழியாக இஸ்ரோவின் பெங்களூரு நிலையத்துக்குத் தகவல் போய்விடும். மீனவருக்கும் இதே வகைக் கருவியை இஸ்ரோ செய்துகொடுத்திருக்கிறது. ஆனால் நம் கரையில் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வலை இழுக்கும் மீனவரைப் பார்ப்பது அபூர்வம். புழுங்குகிறது, கையை மடக்க முடியவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வது நியாயம். குளிர்நாட்டு அளவில் தைத்ததை வெயில்நாட்டு உழைப்பாளிக்குக் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று கோபிப்பது சரியல்ல. மெல்லிய, வேலைக்கு இடைஞ்சல் இல்லாத சட்டையை நம் கடலுக்கென்று இங்கேயே வடிவமைத்து, மானிய விலையில் கொடுக்கவேண்டும். விமானிக்கு அப்படி மாற்றித் தைத்தவர்கள் மீனவருக்கும் தைக்கலாம்.

கடைசியாக, அந்தமானுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருப்பதும் மார்க்கஸின் சட்டையின் வாரிசுதான்: அதே மஞ்சள், அதே உருளை, அதே வாய்க்குழாய், உப்புநீர் பட்டதும் எரியும் விளக்கு. 1996 நவம்பர் 23-ல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று, எரிபொருள் தீர்ந்து, இதே இந்தியப் பெருங்கடலில் கொமோரோஸ் தீவருகே விழுந்தது. 175 பேரில் 50 பேர்தான் பிழைத்தார்கள். இறந்தவர்களில் பலர் விழுந்த அடியைத் தாங்கியவர்கள். பதற்றத்தில் விமானத்துக்குள்ளேயே சட்டையை ஊதிவிட்டதால், தண்ணீர் ஏறியபோது கூரையோடு ஒட்டிக்கொண்டு, மூழ்கி வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். விமானப் பணியாளர் சொல்லும் அந்த அரை நிமிஷம் போனைக் கீழே வையுங்கள். சட்டையை உள்ளே மாட்டிக்கொள்ளலாம். கதவைத் தாண்டிய பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும்.